கூட்டத்தைக் கலைத்தல்: 1974 ஜனவரி 10 எழுப்பிய கேள்வி

பொதுமக்கள் கூடியிருக்கும் ஓர் இடத்தில் பொலிஸார் பலத்தைப் பிரயோகிப்பது நியாயமா என்ற கேள்வி இலங்கையில் ஏறக்குறைய ஒவ்வொரு தசாப்தத்திலும் எழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பதில்களே நமக்குக் கிடைக்கின்றன. சட்டம், ஒழுங்கைப் பேணுவதற்கு அது அவசியமாயிற்று என்பது ஆட்சியிலிருப்போரின் பதில். அது அரச பயங்கரவாதம் என்பது எதிர்த்தரப்பில் இருப்போரின் பதில். ஆட்சி மாறும்போது பதில்களும் கைமாறுகின்றன. நேற்று அடிவாங்கிய கட்சி நாளை உள்நாட்டலுவல்கள் அமைச்சைப் பொறுப்பேற்றதும் முதலாவது பதிலைச் சொல்லத் தொடங்குகிறது. பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில் இந்தக் கைமாற்றத்தைப் பல தடவைகள் கண்டிருக்கிறேன்.

ஆகவே இக்கேள்வியைக் கொள்கை அளவில் விவாதிப்பதைக் காட்டிலும் ஒரு சம்பவத்தை எடுத்துப் படிப்படியாகப் பரிசீலிப்பதே பயன்தரும் என்று நினைக்கிறேன். அதற்கு 1974 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்றலில் நடந்ததைவிடப் பொருத்தமான சம்பவம் வேறில்லை. தமிழர் மத்தியில் அந்நிகழ்வு ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகின்றது. ஆனால் நினைவுகூருதல் வேறு, ஆராய்தல் வேறு. அஞ்சலிக் கூட்டங்களில் நாம் பெரும்பாலும் முன்னதை மாத்திரமே செய்துவந்திருக்கிறோம்.

மாநாடும் அதன் பின்னணியும்

தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியினால் 1964 ஆம் ஆண்டு புதுடில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதலாவது மாநாடு 1966 இல் கோலாலம்பூரிலும், இரண்டாவது 1968 இல் சென்னையிலும், மூன்றாவது 1970 இல் பாரிஸிலும் நடைபெற்றன. நான்காவது மாநாட்டை இலங்கையில் நடத்துவதென்று தீர்மானமாயிற்று. அடிகளார் ஊர்காவற்றுறைப் பகுதியைச் சேர்ந்த கரம்பொன்னில் பிறந்தவர் என்பதால், இந்த மாநாடு அவரது சொந்த மண்ணுக்கு வந்தது என்றும் சொல்லலாம்.

ஆனால் இலங்கையில் எங்கே என்பதில் தகராறு மூண்டது. மாநாடு கொழும்பில் நடைபெற வேண்டுமென்பது பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தினதும் அதனோடு இணங்கிப்போன தமிழ்ப் பிரமுகர்கள் சிலரதும் விருப்பம். யாழ்ப்பாணத்திலேயே நடைபெற வேண்டும் என்பது மற்றவர்களின் நிலைப்பாடு. இறுதியில் பின்னைய தரப்பு வென்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாநாட்டை நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஓர் ஆராய்ச்சி மாநாட்டின் இடத்தெரிவே அரசாங்கத்தின் விருப்பத்தை மீறிய செயலாகக் கருதப்படும் நிலை உருவாகியது. இதை மனதிற்கொண்டால்தான் பின்னர் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள முடியும்.

நாட்டின் பொதுவான சூழ்நிலையையும் மறந்துவிடக் கூடாது. ஜே.வி.பி. கிளர்ச்சியை ஒட்டி 1971 மார்ச் மாதம் பிரகடனப்படுத்தப்பட்ட அவசரகாலநிலை அப்போதும் நீடித்துக்கொண்டிருந்தது; 1977 வரை அது நீங்கவில்லை. 1972 மே 22 இல் நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்கள மொழிக்கும் பௌத்தத்துக்கும் அளித்த இடம், பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் ஆகியவற்றினால் தமிழ் இளைஞர்கள் கொதிப்படைந்திருந்தனர். அவசரகாலச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டுகள் பணியாற்றிய ஒரு பொலிஸ் படைக்கு, மக்கள் கூட்டம் என்றாலே சந்தேகத்துக்குரிய ஒன்று என்ற பழக்கம் ஏற்பட்டுவிடுவது இயல்பு. அத்துடன் யாழ்ப்பாணத்தில் கடமையாற்றிய பொலிஸாரில் பெரும்பான்மையினர் அவ்வூர் மக்களின் மொழியைப் பேசாதவர்கள்.

மாநாடு ஜனவரி 3 ஆம் திகதி ஆரம்பமாகியது. ஆய்வரங்குகள் அமைதியாகவே நடந்தேறின. யாழ்ப்பாண நகரம் திருவிழாக் கோலம் பூண்டிருந்தது. அறிஞர்கள் ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் ஒரு நிகழ்வைச் சாதாரண மக்கள் தமது சொந்த விழாவாக வரித்துக்கொண்டது சென்னையில் 1968 இல் நடந்தது போன்றே யாழ்ப்பாணத்திலும் நடந்தது. ஒரு வாரம் வரை பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே பாரதூரமான மோதல் எதுவும் ஏற்படவில்லை. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். இதே மக்கள், இதே நகரம், இதே பொலிஸ். ஏழு நாட்கள் அமைதி, எட்டாம் நாள் இரவு பிணங்கள்.

அந்த இரவு

பொதுமக்களுக்கான இறுதி நிகழ்வு ஜனவரி 10 ஆம் திகதி மாலை ஏற்பாடாகியிருந்தது. முதலில் யாழ்ப்பாணம் திறந்தவெளி அரங்கிலேயே அதை நடத்த எண்ணியிருந்தனர். அனுமதி தொடர்பான குழப்பத்தினால் அந்த அரங்கைப் பயன்படுத்த முடியாமற்போயிற்று. வீரசிங்கம் மண்டபத்துக்குள் அத்தனை பேரையும் அமர்த்த இயலாது. ஆகவே மண்டபத்தின் முன்பாக அவசர அவசரமாக ஒரு மேடை அமைக்கப்பட்டது. மக்கள் வீதியிலும் எதிரேயுள்ள முற்றவெளியின் புல்தரையிலும் அமர்ந்தனர். 50,000 பேர் வரை கூடியிருந்ததாகச் சொல்லப்படுகிறது. எண்ணிக்கையில் கூடக்குறைய இருக்கலாம். மிகப் பெருங்கூட்டம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. பெண்கள், சிறுவர்கள், முதியவர்கள் எனக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தனர்.

திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்த வேளையில் பொலிஸார் வந்தனர். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் சந்திரசேகரவின் தலைமையில் கலவரத் தடுப்புப் பொலிஸார் குண்டாந்தடிகளோடும் கண்ணீர்ப்புகைக் குண்டுகளோடும் துப்பாக்கிகளோடும் இறக்கப்பட்டனர். கலைந்துசெல்லுமாறு கட்டளை பிறந்தது. அதைத் தொடர்ந்து தடியடி, கண்ணீர்ப்புகை, ஆகாயத்தை நோக்கிய வேட்டுகள். துப்பாக்கிச் சூட்டினால் மேலே சென்ற மின்கம்பி அறுந்து கூட்டத்தின்மீது வீழ்ந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் மின்சாரம் தாக்கியே இறந்தனர். நெரிசலிலும் தாக்குதலிலும் காயமுற்றோர் பலர். இறந்தோரின் தொகை ஒன்பது என்பது பொதுவான கணக்கு. பின்னர் காயங்களினால் மாண்டோரையும் சேர்த்துப் பதினொருவர் என்று சொல்வோரும் உளர்.

பொலிஸார் வந்ததற்கு இரண்டு காரணங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தது என்பது. மற்றது, தமிழகத்திலிருந்து வந்திருந்த அரசியல்வாதியான இரா. ஜனார்த்தனம் அம்மேடையில் தோன்றியமை. அவர் பேசுவதை அரசாங்கம் விரும்பவில்லை என்பது யாவரும் அறிந்ததே. இவ்விரண்டு காரணங்களையும் உண்மையென்றே ஏற்றுக்கொண்டு மேலே செல்வோம். பொலிஸ் தரப்புக்கு ஆகக்கூடிய சலுகையை வழங்கிய பின்னரும் அச்செயலை நியாயப்படுத்த முடிகிறதா என்று பார்ப்பதே நேர்மையான பரிசோதனை.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கைச் சட்டம் பொலிஸாருக்குக் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தை வழங்கியிருக்கிறது. இதை மறுப்பதில் பயனில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, சட்டவிரோத நோக்கத்தோடு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடுவதைச் சட்டவிரோதக் கூட்டம் என வரையறுக்கிறது. இன்று நடைமுறையிலுள்ள 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, அத்தகைய கூட்டத்தையும் பொது அமைதியைக் குலைக்கக்கூடிய கூட்டத்தையும் கலைந்துசெல்லுமாறு நீதவானோ குறிப்பிட்ட தரத்துக்குக் குறையாத பொலிஸ் அதிகாரியோ கட்டளையிடலாம். கட்டளைக்குக் கீழ்ப்படியாவிடின் நியாயமான அளவுக்குத் தேவைப்படும் பலத்தைப் பிரயோகிக்கலாம். இந்தக் கருத்து ஆங்கிலேயர் காலத்திலிருந்தே தொடர்ந்து வருவது. 1974 இலும் அதுவே அடிப்படை.

இந்த ஏற்பாட்டை நுணுகிப் பார்த்தால் அது அதிகாரத்தை வழங்கும்போதே அதற்கு வேலியும் இடுவதைக் காணலாம். முதலாவது, கூட்டம் சட்டவிரோதமானதாகவோ அமைதியைக் குலைக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது, கட்டளை பிறப்பிக்கப்பட வேண்டும். அது கேட்கப்பட வேண்டும். அதற்குக் கீழ்ப்படிய வாய்ப்பளிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பலம் தேவைக்கு மிஞ்சலாகாது. நான்காவது, கலைப்பதே நோக்கம், தண்டிப்பது அல்ல. தண்டனை வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்குரியது, குண்டாந்தடிக்குரியது அல்ல.

ஐக்கிய நாடுகள் சபை 1979 டிசெம்பரில் ஏற்றுக்கொண்ட சட்டஅமுலாக்க அலுவலர்களுக்கான நடத்தைக் கோவையும், 1990 இல் ஹவானாவில் நிறைவேற்றப்பட்ட பலப்பிரயோகம் பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளும் இவற்றையே இன்னும் தெளிவாகச் சொல்லின. சட்டத்துக்குப் புறம்பானதாயினும் வன்முறையற்ற கூட்டமொன்றைக் கலைக்கும்போது பலத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிடின் ஆகக் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஹவானாக் கோட்பாடுகளின் சாரம். 1974 இல் இவை இருக்கவில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அவை புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. நமது பழைய சட்டத்திலேயே பொதிந்திருந்த நியாயத்தை விரித்துரைத்தவை.

நான்கு கேள்விகள்

இனி அந்த நான்கு நிபந்தனைகளையும் ஜனவரி 10 ஆம் திகதி இரவுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

கூட்டம் சட்டவிரோதமானதா? ஒரு சொற்பொழிவைக் கேட்பதற்கு நிலத்தில் அமர்ந்திருந்த மக்களுக்குச் சட்டவிரோத நோக்கம் எதுவும் இருக்கவில்லை. வீதி அடைபட்டது உண்மையே. இலங்கையில் எந்தத் தேர்த் திருவிழாவிலும், எந்தப் பெரஹராவிலும், எந்த மே தின ஊர்வலத்திலும் வீதி அடைபடுகிறது. அங்கெல்லாம் பொலிஸார் வாகனங்களை மாற்றுப் பாதையில் அனுப்புகின்றனர். போக்குவரத்துப் பிரச்சினைக்குப் பரிகாரம் போக்குவரத்துப் பொலிஸாரே அன்றிக் கலவரத் தடுப்புப் பொலிஸார் அல்லர். ஜனார்த்தனத்தைப் பொறுத்தவரை, அவர் ஒருவர் மீது சட்டநடவடிக்கை தேவைப்பட்டிருந்தால் கூட்டம் முடிந்த பின் அவரைக் கைதுசெய்திருக்கலாம். ஒருவர் செய்த தவறுக்கு, தவறென்றே வைத்துக்கொள்வோம், ஆயிரக்கணக்கானோரை அடிப்பதற்கு எச்சட்டமும் இடமளிக்கவில்லை.

கலைவதற்கு வாய்ப்பளிக்கப்பட்டதா? பல்லாயிரம் பேர் இருளில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் இடத்தில், முன்வரிசையில் இருப்பவர் எழுந்து வெளியேற விரும்பினாலும் பின்வரிசையில் இருப்பவர் எழாமல் அது சாத்தியமில்லை. அத்தகைய கூட்டம் கலைய நேரம் வேண்டும், வழியும் வேண்டும். அதைக் கலைப்பதற்கு மிகச் சிறந்த கருவி பொலிஸாரின் கையில் இருக்கவில்லை, மேடையில் இருந்தது. ஒலிபெருக்கியின் முன்னால் நின்ற மாநாட்டு அமைப்பாளர்களிடம் பேசி, அவர்கள் வாயிலாக மக்களை அமைதியாக அனுப்பியிருக்க முடியும். ஒரு வாரம் முழுவதும் அம்மக்கள் அவர்கள் சொற்படியே நடந்தார்கள்.

பலம் தேவைக்கு மிஞ்சியதா? ஓடுவதற்கு இடமில்லாத கூட்டத்தின்மீது கண்ணீர்ப்புகையை வீசுவது கலைப்பதற்கு உதவாது; நெரிசலை உண்டாக்குவதற்கே உதவும். இனித் துப்பாக்கிச் சூட்டைப் பார்ப்போம். பொலிஸார் எவர் மீதும் குறிபார்த்துச் சுடவில்லை, வானத்தை நோக்கியே சுட்டனர், மின்கம்பி அறுந்தது விபத்து என்பது பொலிஸாருக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய வலிமையான வாதம். அது முற்றிலும் புறக்கணிக்கத்தக்கதல்ல. அன்றிரவு மக்களைக் கொல்ல வேண்டுமென்ற திட்டத்தோடு அவர்கள் வந்தனர் என்று நிறுவ எந்தச் சான்றும் இல்லை. ஆயினும், விபத்து என்ற சொல் பொறுப்பை நீக்கிவிடாது. ஒரு நகரத்தின் மத்தியில், மின்கம்பிகள் செல்லும் தெருவில், அவற்றின் கீழே ஆயிரக்கணக்கானோர் இருக்கும்போது மேல்நோக்கிச் சுடுவதன் ஆபத்தை ஊகிப்பதற்குப் பெரிய அறிவு தேவையில்லை. சுடவேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் சுட்டதால் நேர்ந்த மரணத்தை, அவசியமான ஒரு கடமையின்போது தற்செயலாக நேர்ந்த மரணத்தோடு ஒப்பிட முடியாது.

கலைப்பதோடு நிறுத்திக்கொண்டார்களா? இல்லை என்பதற்குச் சான்று, பின்னர் நடந்த விசாரணையில் இருக்கிறது.

நடந்த விசாரணையும் நடக்காத விசாரணையும்

அரசாங்கம் உத்தியோகபூர்வ விசாரணை ஆணைக்குழு எதையும் நியமிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பிரஜைகள் தாமே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தனர். உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிரெட்சரும் வி. மாணிக்கவாசகரும், தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதன் அங்கத்தவர்கள். டி கிரெட்சர் தமிழர் அல்லர், பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதும், மூவருமே தீவிர அரசியலோடு சம்பந்தமில்லாத, சட்டத்திலும் சமயத்திலும் மூத்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை.

அவர்களின் முடிவு தெளிவானது. ஆயுதமற்ற பிரசைகள் மீது பொலிஸார் நடத்தியது வன்மையான, முற்றிலும் தேவையற்ற தாக்குதல் என்று அவர்கள் கண்டனர். நாகரிக சமூகமொன்றில் பொலிஸாரிடம் எதிர்பார்க்கப்படும் நிதானமும் தீர்க்கமும் அன்று அவர்களிடம் காணப்படவில்லை என்றனர். கூட்டத்தோடு எவ்விதத் தொடர்புமற்றவர்களையும் பின்னர் தாக்கியமையும் இழிவாகப் பேசியமையும், அன்றிரவு பொலிஸார் நிதானமிழந்திருந்தனர் என்பதையே உறுதிப்படுத்துவதாகக் கூறினர். நான்காவது நிபந்தனையும் மீறப்பட்டது என்பதற்கு இதுவே போதுமானது. கூட்டம் கலைந்த பின்னரும் தடி ஓயவில்லையென்றால் அதன் நோக்கம் கலைப்பதாக இருந்திருக்க முடியாது.

ஆனால் அவ்விசாரணைக்குச் சட்ட அந்தஸ்து இருக்கவில்லை. எவரையும் அழைப்பாணை அனுப்பி வரவழைக்கவோ, எவர் மீதும் வழக்குத் தொடரவோ அதற்கு அதிகாரமில்லை. அந்த இரவுக்காக எந்தப் பொலிஸ் அதிகாரியும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

இந்த இடத்தில் 1953 ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறேன். அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதை எதிர்த்து அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நடந்த ஹர்த்தாலின்போது துப்பாக்கிச் சூட்டில் சுமார் பத்துப் பேர் மாண்டனர். இரண்டு மாதங்கள் கழிந்து ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். உடல்நலக் குறைவும் ஒரு காரணமாயினும், அந்த மரணங்களின் சுமையே அவரைப் பெரிதும் வாட்டியது என்று அரசியல் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 2011 மே மாத இறுதியில் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்த தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தபோது, சட்டமூலம் கைவிடப்பட்டது. பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார். 2022 ஏப்ரல் 19 இல் ரம்புக்கனையில் எரிபொருளுக்காகப் போராடியவர்கள் மீது சுட்டதில் ஒருவர் உயிரிழந்தபோது, கட்டளையிட்ட சிரேஷ்ட அதிகாரி உட்படப் பொலிஸார் கைதுசெய்யப்பட்டனர். இவற்றில் எதுவும் முழுமையான நீதி அல்ல. ஆயினும் அரசு ஏதோவொரு விதத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. 1974 இல் அந்தக் குறைந்தபட்சப் பதில்கூட யாழ்ப்பாணத்துக்குக் கிடைக்கவில்லை.

பலத்தைப் பிரயோகிக்காமையும் ஒரு குற்றமே

பொலிஸ் பலப்பிரயோகம் எப்போதுமே தவறானது என்று நான் சொல்ல வரவில்லை. 1956 ஜூன் 5 ஆம் திகதி தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து காலிமுகத்திடலில் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருந்தபோது காடையர் கும்பல் அவர்களைத் தாக்கியது. பொலிஸார் அருகிலேயே நின்றனர், தடுக்கவில்லை. 2022 மே 9 ஆம் திகதி அதே காலிமுகத்திடலில் அமைதியாகப் போராடியவர்களை ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் தாக்கியபோதும் முதலில் நடந்தது அதுவே. அந்த இரண்டு தினங்களிலும் பொலிஸார் பலத்தைப் பிரயோகித்திருந்தால் அது நியாயமானதாக இருந்திருக்கும், பிரயோகிக்காததே தவறு.

காலிமுகத்திடலையும் வீரசிங்கம் மண்டப முன்றலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பலத்தைப் பிரயோகிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானித்தது கூட்டத்தின் நடத்தை அல்ல. கூடியிருந்தவர்கள் யார் என்பது. 1956 இல் தாக்கியவர்கள் ஆட்சியாளருக்கு வேண்டியவர்கள். ஆகவே தடி உறங்கியது. 1961 பெப்ரவரி 20 இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் அமர்ந்தவர்களும் 1974 இல் முற்றவெளியில் அமர்ந்தவர்களும் வேண்டாதவர்கள்; ஆகவே தடி விழித்துக்கொண்டது. பலப்பிரயோகத்தின் நியாயத்தை அளவிட ஐந்தாவது கேள்வி ஒன்றும் தேவை என்று இதனால்தான் கருதுகிறேன்: இதே செயலை வேறொரு கூட்டம் செய்திருந்தால் பொலிஸார் இவ்வாறே நடந்திருப்பார்களா?

இந்தக் கேள்வி தமிழருக்கு மாத்திரம் உரியதல்ல. 2013 ஓகஸ்ட் 1 ஆம் திகதி சுத்தமான குடிநீர் கேட்டு வெலிவேரியவில் வீதிக்கு வந்த சிங்களக் கிராம மக்கள் மீது இராணுவத்தினர் சுட்டதில் மூவர் மாண்டனர். 1974 இல் வடக்கில் விசாரணையின்றிக் கழிந்த ஓர் இரவு, அதிகாரம் பெற்றோர் மனதில் எந்தப் பாடத்தைப் பதித்ததோ, அதன் விளைவைத் தெற்கும் அனுபவிக்க நேர்ந்தது.

விளைவுகள்

நீதி கிடைக்காத இடத்தில் பழி தேடப்படும். திறந்தவெளி அரங்கு கிடைக்காமற்போனதற்கும், அதன் வழியாக அந்த இரவின் அவலத்துக்கும், அப்போதைய யாழ்ப்பாண மேயரும் ஆளுங்கட்சி அமைப்பாளருமான அல்பிரட் துரையப்பாவே காரணம் என்ற எண்ணம் இளைஞர் மத்தியில் வேரூன்றியது. ஆனால் இலங்கையில் ஒரு மேயருக்குப் பொலிஸார் மீது கட்டளையிடும் அதிகாரமில்லை. பொலிஸ் திணைக்களம் கொழும்பிலுள்ள பொலிஸ் மா அதிபருக்கும் அவர் வழியாக மத்திய அரசாங்கத்துக்கும் கட்டுப்பட்டது. உத்தியோகபூர்வ விசாரணை ஒன்று நடந்திருந்தால், யார் கட்டளையிட்டார், யார் கேட்டார், யார் அறிந்திருந்தும் பேசாதிருந்தார் என்பவை வெளிவந்திருக்கும். அது நடக்காததால் சந்தேகமே தீர்ப்பாயிற்று. 1975 ஜூலை 27 ஆம் திகதி பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டார். அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 1974 ஜூன் 5 இல், அந்த உதவிப் பொலிஸ் அத்தியட்சகரைப் பழிவாங்க முனைந்தவரெனக் கூறப்படும் பொன். சிவகுமாரன் பொலிஸாரின் பிடியில் சிக்காதிருக்க நஞ்சருந்தி மாண்டார்.

இனப்போர் முழுவதற்கும் அந்த ஓர் இரவே காரணம் என்று எழுதுவது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். மொழிச் சட்டமும் தரப்படுத்தலும் 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களும் இல்லாமல் அப்போர் இல்லை. ஆனால் ஜனவரி 10 ஒன்றைச் செய்தது. சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தால் அடிவிழும் என்பதைத் தமிழர் ஏற்கெனவே அறிந்திருந்தனர். சொற்பொழிவு கேட்க அமர்ந்தாலும் உயிர் போகலாம் என்பதை அன்றுதான் அறிந்தனர்.

பொலிஸார் தரப்பில் ஏற்பட்ட விளைவும் உண்டு. 1981 மே 31 இல் யாழ்ப்பாணத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டமொன்றில் கடமையிலிருந்த பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டு உயிரிழப்பு ஏற்பட்டது. அது கொலை, அதற்கு நியாயம் இல்லை. கொன்றவர்களைத் தேடிப்பிடிப்பதே பொலிஸாரின் கடமை. ஆனால் நடந்தது என்ன? கடைத்தெரு எரிந்தது; ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது; சுமார் 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1974 இல் தாக்கப்பட்டவர்கள் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு வந்தவர்கள். 1981 இல் எரிக்கப்பட்டது அம்மாநாட்டின் ஆய்வுக்கே ஆதாரமான ஏடுகள். இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. முதலாவதற்குப் பதில் கேட்கப்படாதபோது இரண்டாவதைச் செய்யத் தயக்கம் இருக்கவில்லை.

பத்திரிகையாளர் பங்கு

என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொலிஸ் அறிக்கைகள் பத்திரிகை அலுவலகங்களுக்கு ஒரே அச்சில் வார்த்தவை போல வந்துசேரும். "கூட்டத்தினர் கட்டுக்கடங்காது போகவே ஆகக் குறைந்த பலத்தைப் பிரயோகித்துக் கலைக்க வேண்டியதாயிற்று" என்ற பாணியில் அவை அமைந்திருக்கும். இந்த வாக்கியத்தில் அடித்தவர் இல்லை, கட்டளையிட்டவர் இல்லை, அடிபட்டவரும் இல்லை. எத்தனை மணிக்கு எச்சரிக்கை விடப்பட்டது, எந்த மொழியில் விடப்பட்டது, எத்தனை நிமிடம் பொறுத்திருந்தனர், முதலாவது கண்ணீர்ப்புகைக் குண்டு யார் கட்டளையில் வீசப்பட்டது என்று கேட்பது செய்தியாளன் கடமை. இந்த வினாக்களுக்கு விடை கிடைத்தால் நியாயம், அநியாயம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். தணிக்கை நிலவிய அவசரகாலத்தில் அவ்வாறு கேட்பது எளிதன்று. தணிக்கை இல்லாத காலங்களிலும் நாம் அவற்றைப் போதியளவு கேட்டதில்லை.

முடிவாக

பொது நிகழ்வுகளில் பொலிஸ் பலப்பிரயோகம் நியாயமா என்ற கேள்விக்கு எனது பதில் இதுதான்: கூடியிருப்போரின் உயிரையோ பிறர் உயிரையோ காப்பதற்கு, வேறு வழி இல்லாதபோது, அளவோடு, யார் கூடியிருக்கின்றனர் என்று பாராமல் பிரயோகித்து, பின்னர் பகிரங்கமாகக் கணக்குக் கொடுக்கத் தயாராக இருந்தால் நியாயம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் நியாயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அன்றிரவு இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை.

இதில் கணக்குக் கொடுத்தல் என்ற கடைசி நிபந்தனையே மிக முக்கியமானது. தவறான கட்டளைகள் உலகின் எல்லா நாடுகளிலும் பிறப்பிக்கப்படுகின்றன. தடி ஏந்திய மனிதன் அச்சத்தினாலோ ஆத்திரத்தினாலோ நிதானமிழப்பதை எந்தச் சட்டமும் முற்றாகத் தடுத்துவிட முடியாது. ஆனால் மறுநாள் காலை என்ன செய்கிறது என்பதில் ஓர் அரசின் தராதரம் வெளிப்படும். இலங்கைச் சட்டத்தில், கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயல்களுக்காகச் சட்டமா அதிபரின் அனுமதியின்றி எவர் மீதும் குற்ற வழக்குத் தொடர முடியாது என்ற ஏற்பாடு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு கடமை செய்த அதிகாரியைப் பாதுகாப்பதே அதன் நோக்கம் என்பர். நடைமுறையில் அது அரசாங்கத்துக்குத் தன் சொந்தச் செயலை விசாரிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மரணத்துக்கும் கட்டாய, சுயாதீன விசாரணை என்ற விதி வந்தாலன்றி இந்நிலை மாறாது.

வீரசிங்கம் மண்டபத்தின் அருகே இறந்தோருக்காக எழுப்பப்பட்ட நினைவுச்சின்னம் பல தடவைகள் சேதமாக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் கட்டப்பட்டது. 2024 இல் அந்த இரவுக்கு ஐம்பது ஆண்டுகள் நிறைவெய்தின. அங்கே மலர் வைக்கச் செல்வோரில் பெரும்பாலானோர் அப்போது பிறந்திராதவர்கள். கல்லில் என்ன நடந்தது என்பது இருக்கிறது. யார் கட்டளையிட்டார், ஏன் என்பதற்கு அரசின் கையொப்பமிட்ட ஒரு பக்கப் பதில்கூட இன்றுவரை இல்லை. அந்த ஒரு பக்கத்தைக் கேட்பதற்கு ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன என்பது தடையாகாது. கட்டளையிட்டவர்கள் உயிரோடில்லாவிட்டாலும் திணைக்களம் இருக்கிறது, அரசு இருக்கிறது, இறந்தவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன.